முப்பத்திமூன்றாம் மைல்

சொக்லேற், துவாய், யாருக்கும் அளவில்லாத கோட்டு
இவற்றுக்கு நடுவே
கழற்றின கை கால்களோடு கொழும்பு வழியாய் வந்தது சைக்கிள்.
இங்கிலாந்தில் யாரோ விற்றதை
றஜிந்தன் வாங்கி அனுப்பியிருந்தான்.
பூட்டித் தந்த கரடிப்போக்குக் கடைக்காரர்
"இவ்வளவு கியர் என்னத்துக்குப் பிள்ளை,
பரந்தனுக்குப் போகவோ?" என்றார்.

பாரில் ஒரு வெள்ளை டேப்.
முந்தின சொந்தக்காரரின் கையெழுத்து, நீல மை,
மைலும் ஏற்றமும்:
ஆறு, ஹாக்பரி மேடு, நீளம்.
பன்னிரண்டு, ஸ்டேன்லோ, செங்குத்து, நிமிர்ந்து பார்க்காதே.
பதினெட்டு, தண்ணீர்.
இருபத்தைந்து, இறக்கம், ஆடுகள், பிரேக்.
முப்பத்திமூன்று
அதற்குப் பிறகு மழை அழித்திருந்தது.

எங்கட பாரில் ஆக்கள் இருப்பினம்.
பள்ளிக்கூடம் விட்ட தங்கச்சி,
சங்கக்கடைச் சீனி,
ஒருமுறை, அந்த வருஷம்,
சேலைன் போத்தலைத் தானே உயர்த்திப் பிடித்தபடி ஒருவர்.
மலைகளின் கணக்கை ஏற்றிக்கொண்டு வந்த பாரை
இப்போதுதான் பார்க்கிறேன்.
உரிக்க மனம் வரவில்லை.

ஆனி மாதத்து ஞாயிறு, விடிய நாலரை.
டேப் சொன்னபடி போவது என்று புறப்பட்டேன்.

ஆறாம் மைலில் முறிகண்டி.
பஸ்ஸால் இறங்கி முகம் கழுவும் சனம்,
தேங்காய்ச் சிதறல், வறுத்த கச்சான் மணம்.
மேடு எங்கே என்று கால் தேடியது.
கண்டி வீதி பலகை மாதிரிக் கிடந்தது.

பன்னிரண்டில் கொக்காவில்.
நிமிர்ந்து பார்க்காதே என்றது டேப்.
பார்த்தேன்.
காட்டுக்கு மேலால் கோபுரம், அணையாத சிவப்பு விளக்கு.
இந்தத் தரையில்
அலைவரிசைக்கு மட்டும்தான் ஏற்றம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

பதினெட்டில் மாங்குளம்.
தண்ணீர் என்றிருந்தது, தேத்தண்ணி குடித்தேன்.
கிழக்கே திரும்பினதும் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி.
ஒலுமடு தாண்டி, சரியாக இருபத்தைந்தில் இல்லை,
கொஞ்சம் முன்னுக்கே,
ஆட்டுக்குப் பதிலாக ரோட்டு முழுக்க மாடு.
பிரேக் மட்டும் பிழைக்கவில்லை.

ஒட்டுசுட்டானில் விட்டு விலத்தி
முத்தையன்கட்டுக் குளக்கட்டின் அடியில் நின்றபோது
முப்பத்திமூன்று.
கூடை கூடையாய் மனிசர் சுமந்து வைத்த மலை அது.
அதுவரை தொடாத பெரிய பல்லுச் சக்கரத்துக்குச்
செயின் முனகிக்கொண்டு ஏறியது.
பதினாலு மிதி.
பதினைந்தாவதுக்குக் கட்டு மிச்சமில்லை,
கண் முழுக்கத் தண்ணீர்,
நடுவில் பட்டமரத்தில் ஒரு நீர்க்காகம் செட்டை விரித்து.

துருசடியில் நின்றவர் கேட்டார்,
"எங்கையிருந்து?"
"கிளிநொச்சி."
"எங்க போறியள்?"
"மேலுக்கு."
"பிறகு?"
"கீழுக்கு."
வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் சிரித்தார்.
"இன்னொருக்கா ஏறிக் காட்டுங்கோ, நான் பார்க்கேல்ல."
ஏறிக் காட்டினேன்.
அவருக்காக ஆறு தரம், எனக்காக எட்டு.

திரும்புகிற வழியைப் பற்றி
டேப் ஒரு சொல்லும் சொல்லவில்லை.
பத்து மணி.
காலையில் முதுகில் கை வைத்தது சோளகம் என்று
அப்போதுதான் விளங்கியது,
இப்போது அதே கை நெஞ்சில்.
உயரம் இல்லாத ஏற்றம்,
உச்சியும் இல்லை, இறக்கமும் இல்லை.
கொய்யாப்பழப் பை கொழுவின கிழட்டு லுமாலாவில்
ஒரு பெடியன் குனிந்தபடி என்னை முந்திப் போனான்,
கியர் ஒன்றும் இல்லாமல்,
காற்றுக்குத் தலையால் வழி கேட்டுக்கொண்டு.
நானும் குனிந்தேன்.
அவனுடைய பின்சில்லைத் தவிர
மாங்குளம் வரை ஒன்றும் பார்க்கவில்லை.

சந்தியில் சைக்கிளைச் சாத்தி
கடைக்காரரிடம் பேனை வாங்கினேன்.
அழிந்த இடத்தில் எழுதப் பார்த்தேன்,
வேர்வை ஈரத்தில் மை பிடிக்கவில்லை.
சட்டை நுனியால் துடைத்து,
ஊதி,
ஒரு சோடா முடியும் வரைக்கும் காயவிட்டு
எழுதினேன்:

ஒட்டுசுட்டானிலிருந்து பன்னிரண்டு மைல்,
சோளகம்,
நிமிராதே.